மை குடிக்காத டிஸ்க்

ஹேர் டிரையரை முழு வேகத்தில் வைத்து, தலைமையாசிரியையின் முகத்துக்கு நேரே பிடித்தாள் பெரியவள்.

முகம் நகர்ந்தது.

தலைமையாசிரியை ஒன்றும் நேரில் வந்து நிற்கவில்லை. பள்ளி ஆண்டு விழா டிவிடியின் மேல்பக்கத்தில் பூங்கொத்தும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். காற்று பட்டதும் அவருடைய மூக்குக்கண்ணாடியின் கறுப்பு மெல்ல இளகி, மூக்கோரமாக இறங்கி, மேலுதட்டில் போய்த் தேங்கியது. அடுத்த வீச்சில் அது இரண்டு பக்கமும் பிரிந்தது. முறுக்கிவிட்ட மீசை.

போச்சு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு டிரையரை அணைத்தாள்.

கட்டில் முழுக்க டிஸ்க். மேஜையில் டிஸ்க். தையல் மெஷின் மூடியின் மேல் டிஸ்க். அலமாரித் தட்டில் இருந்த துணிகளைத் தரையில் தள்ளிவிட்டு அங்கேயும் டிஸ்க். எல்லாவற்றிலும் அதே தலைமையாசிரியை, அவருக்குப் பின்னால் மேடையில் வரிசையாகக் குழந்தைகள். காலையிலிருந்து காய்கிறார்கள், காய்ந்தபாடில்லை. விரலால் லேசாகத் தொட்டாலே ஒரு குழந்தையின் தலை காணாமல் போனது.

போன் அடித்தது. ஸ்டூடியோக்காரர். கிளம்பிவிட்டாராம். பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் வந்து நிற்கிறார்களாம், இவளிடம் வாங்கிக்கொண்டு நேரே அங்கேதான் போகவேண்டுமாம். எல்லாம் தயார்தானே என்று கேட்டார்.

"தயார்தான் சார். மேல மேல வச்சா ஒட்டிக்கும்னு பரப்பி வச்சிருக்கேன்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

இந்தப் பள்ளிக்கூட வேலை அவளுடையது. வருஷம் தவறாமல் அவள் வீட்டு பிரிண்டரில்தான் தலைமையாசிரியை சிரித்திருக்கிறார். விளையாட்டு விழா, ஆண்டு விழா, பிரிவு உபசாரம் என்று எது வந்தாலும் ஸ்டூடியோக்காரர் படம் எடுப்பார், இவள் டிஸ்க்கில் பதிந்து, மேலே அச்சடித்து, உறையில் போட்டுக் கொடுப்பாள். இந்த முறைதான் அவர் தலையைச் சொறிந்தார். உங்க ஓரகத்தி போட்ட டிஸ்க்கும் ஒண்ணு பாத்தேன்மா, நல்லா இருந்தது, இந்த ஆண்டு விழா வேலையைப் பாத்துட்டு மேற்கொண்டு யாருக்குன்னு முடிவு பண்ணிக்கிறேனே என்று இழுத்தார்.

ஓரகத்தி என்றால் மாடியில் இருக்கும் சின்னவள். கொழுந்தனின் மனைவி. அந்த வீட்டில் மாமியார்தான் முதலில் மருமகள்களைப் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு தபால்காரர் வரைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

சின்னவள் வந்த நாளிலிருந்தே பெரியவளுக்கு நெஞ்சில் ஒரு முள். அவள் தேநீர் போட்டால் மாமியார் இரண்டாவது டம்ளர் கேட்பார். அவள் திரைச்சீலை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரி வந்து துணி எங்கே வாங்கினது என்று விசாரிப்பாள். சரி, சமையலறையும் திரைச்சீலையும் போகட்டும், டிஸ்க் நம்முடையது என்று பெரியவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அதற்கும் ஆள் வந்துவிட்டது. கடை மூடுகிற யாரோ ஒருவரிடமிருந்து கொழுந்தன் ஒரு பிரிண்டரை வாங்கி வந்து மாடியில் ஏற்றினான். வீடே படியேறிப் போய்ப் பார்த்தது. பெரியவள் மட்டும் முழங்கால் வலி என்று கீழேயே இருந்துவிட்டாள். போனால் நல்லா இருக்குது என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டி வருமே, அந்த வலிதான்.

பிரிண்டரைத் தூக்கிவிட்டு இறங்கி வந்த கணவனிடம், எப்படி இருக்கு என்று போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். உன்னோடது மாதிரிதான், கொஞ்சம் கனம் என்றான் அவன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே சின்னவள் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எந்த டிஸ்க் வாங்கணும்னு நீங்களே வந்து எடுத்துக் கொடுங்கக்கா. நீங்க தொட்டா சரியா இருக்கும்."

கேட்கிற தோரணையைப் பாரேன் என்று நினைத்துக்கொண்டே பெரியவள் செருப்பை மாட்டினாள்.

டிஸ்க் பொறுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைக்காரர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். நாடி பார்ப்பதுபோல ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டாள். நடு ஓட்டை வரைக்கும் வெள்ளை பூசியிருக்கிறதா, இல்லை ஓட்டையைச் சுற்றி மொட்டையாக ஒரு வளையம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். வளையம் விட்டிருந்தால் நடுவில் நிற்பவரின் வயிற்றில் ஓட்டை பெரிதாகத் தெரியும். பளபளப்பு வேண்டுமா, மங்கல் வேண்டுமா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்வாள். கடைசியாக விரல் நுனியை ஈரப்படுத்தி வெள்ளைப்பக்கத்தில் வைப்பாள். மை குடிக்கிற டிஸ்க் என்றால் விரலை லேசாகப் பிடித்துக்கொள்ளும். மை குடிக்காத ஜாதி ஒன்று உண்டு. பார்வைக்கு அதே வெள்ளை, அதே டப்பா, விலைகூடப் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். தொழிலுக்கு வந்த புதிதில் அதை வாங்கி ஏமாந்து, ஒரு கல்யாண ஜோடியை வாசலில் நிற்கவைத்துக்கொண்டு அவள் அழுதது அவளுக்குத்தான் தெரியும்.

கடையில் இரண்டு டப்பாவையும் திறந்தாள். இரண்டிலும் விரலை வைத்தாள். ஒன்று பிடித்தது. ஒன்று வழுக்கியது.

வழுக்கிய டப்பாவை எடுத்துச் சின்னவள் கையில் கொடுத்தாள்.

"இதை எடுத்துக்க. மத்ததெல்லாம் உனக்கு சரிப்படாது."

கடைக்காரர் உள்ளே வேறு யாருக்கோ கேபிள் தேடிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்க ஆளில்லை. சின்னவள் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழி நெடுக நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். பெரியவளுக்கு ஒரு நிமிஷம் குறுகுறுத்தது. வீடு வந்து சேர்ந்தபோது மாமியார், சின்னவள் எதையும் சட்டுனு பிடிச்சுக்குவா என்றார். குறுகுறுப்பு அதோடு போயிற்று.

அன்றிலிருந்து பெரியவளின் காது மாடியிலேயே இருந்தது. எப்போது ஐயோ கேட்கும்? எப்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு படியிறங்குவாள்? ஆறுதல் சொல்லக்கூட வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். இந்தத் தொழிலெல்லாம் எல்லாருக்கும் வராதும்மா, மனசை விட்டுடாதே.

ஐயோ கேட்கவில்லை. மாறாக ஒருநாள் காலையில் மாமியார் ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். யாரோ ஒரு தம்பதியின் படம். சுத்தமாக, கத்தியால் வெட்டி வைத்ததுபோல நின்றது. சின்னவள் போட்டது என்றார் மாமியார். சொல்லிவிட்டு, என்ன ஏது என்று யோசிக்காமல் அதன் மேலேயே தேநீர் டம்ளரை வைத்தார்.

பெரியவள் தடுக்கவில்லை. வட்டமாகத் தேநீர்க் கறை படியட்டும் என்று காத்திருந்தாள். மாமியார் குடித்து முடித்து டம்ளரை எடுத்தார். கறை வட்டமாக இருந்தது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். கறை போய்விட்டது. தம்பதி அப்படியே இருந்தார்கள், ஒரு பொட்டு நிறம் குறையாமல்.

பெரியவள் அச்சடிக்கிற டிஸ்க்கில் ஈரக்கை பட்டாலே நிறம் கரையும். உறையில் போடும்போதே ஈரக்கையால் தொடாதீங்க என்று ஆளுக்கொரு தடவை சொல்லி அனுப்புவாள். இவளோடது தேநீருக்குக்கூட அசையவில்லை.

வேறு டிஸ்க் வாங்கியிருப்பாள் என்று நினைத்தாள். குப்பை எடுத்துப்போக வைத்திருந்த கூடையைக் கிளறினாள். மாடியிலிருந்து வந்த காலி டப்பா மேலாகவே கிடந்தது. அதே டப்பா. இவள் எடுத்துக் கொடுத்த அதே வழுக்கல்.

மருமகள் குப்பைக்கூடையில் கையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்த மாமியார் என்ன தொலைஞ்சு போச்சு என்று கேட்டார். தோடு என்றாள். காதில் இரண்டு தோடும் இருந்தன.

வெந்த புண்ணில் சின்னவளே வேலும் கொண்டுவந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும், அக்கா சொன்ன டிஸ்க்தான், அக்கா புண்ணியம் என்று பாடினாள். உண்மையாகத்தான் சொல்கிறாளா, குத்திக் காட்டுகிறாளா என்று பெரியவளுக்குப் புரியவில்லை. ராத்திரியெல்லாம் கணவனின் குறட்டைக்கு நடுவே ஒரே யோசனை. மை குடிக்காத டிஸ்க் எப்படிக் குடித்தது? கம்பெனிக்காரன் பூச்சை மாற்றியிருக்கவேண்டும். மை இறங்கினதும் மேலே மூடிக்கொள்கிற மாதிரி ஏதோ புதிதாக வந்திருக்கவேண்டும். அதனால்தான் வழுக்குகிறது, அதனால்தான் தண்ணீரும் ஒட்டுவதில்லை. விவரம் தெரியாத ஒருத்திக்கு நல்ல சரக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நாம் பழசையே கட்டிக்கொண்டு அழுகிறோம்.

மாடிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதா? அவளிடமா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஆண்டு விழா வேலை வந்ததும் நேரே கடைக்குப் போனாள். அந்த டப்பாவைத் தூக்கினாள். கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். டாக்டரம்மா, இது உங்களுக்கு எதுக்கு, இது வந்து என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுக்குறேன்" என்று வாயை அடைத்தாள்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு பையில் போட்டார்.

விழாவை எல்லா டிஸ்க்கிலும் பதிந்து முடித்து, முதல் டிஸ்க்கைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். வெளியே வந்தபோது அது கண்ணாடிபோல மின்னியது. அப்படியொரு பளபளப்பை அவள் பிரிண்டர் பெற்றதேயில்லை. மனசு குளிர்ந்துபோயிற்று. காயட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு அடுத்தது, அடுத்தது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினாள். மின்னியது முழுக்க ஈரம் என்பது கடைசி டிஸ்க்கும் முடிந்த பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய் வேறு வாங்கலாம் என்றால் இன்றைக்குக் கடைக்கு வாராந்திர விடுமுறை. பழைய டப்பாவில் மிச்சமிருந்த ஐந்தாறு டிஸ்க்கைப் புதுச் சரக்கு கிடைத்த தெம்பில் நேற்றுத்தான் தெரிந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

பெரியவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்டூடியோக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. இன்னும் கொஞ்சம் காயணும் சார் என்று ஆரம்பித்தாள். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். குளிரில் காய லேட்டாகும் என்றாள். வெயில் கொளுத்துதே என்றார் அவர். அதற்குள் மாமியார், உள்ளதான் எல்லாம் பரப்பி வச்சிருக்கா, வாங்க என்று கதவைத் திறந்துவிட்டார்.

ஸ்டூடியோக்காரர் கட்டிலிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். எடுத்த கட்டைவிரலில் தலைமையாசிரியையின் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொன்றை எடுத்தார். மீசை வந்தது அதில்தான். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, நீங்களா இப்படி?"

பிரிண்டர் சரியில்லை, மை சரியில்லை, கரண்ட் விட்டு விட்டு வந்தது என்று நான்கு காரணம் ஒரே நேரத்தில் அவள் வாய்க்கு வந்து முட்டிக்கொண்டன.

மாமியார் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். சின்னவள் இறங்கி வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய் ஒரு ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வந்தாள். ஒரு டிஸ்க்கை எடுத்து மேல்பக்கத்தை அழுத்தித் துடைத்தாள். தலைமையாசிரியை, பூங்கொத்து, குழந்தைகள் எல்லாரும் துணியில் ஏறிவிட்டார்கள். டிஸ்க் பால் வெள்ளையாக நின்றது.

உள்ள பதிஞ்சதுக்கு ஒண்ணும் ஆகலை சார், மேல மட்டும் மறுபடி போட்டாப் போதும், நான் மாடியில போட்டுத் தரேன் என்றாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, படம் இருக்கிற பென்டிரைவை எடுத்துட்டு வாங்கக்கா, உங்க டிசைனை நான் தொட்டா கெடுத்துடுவேன் என்றாள்.

ஆளுக்கொரு துணி வந்தது. மாமியார் துடைத்தார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த கணவன், என்ன ஏது என்று கேட்காமலே உட்கார்ந்து துடைத்தான். ஸ்டூடியோக்காரர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு துடைத்தார். துடைத்துக்கொண்டே, இனிமே பள்ளிக்கூட வேலையை நேரா மாடிக்கே கொடுத்துடுறேன், நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாதும்மா என்றார் பெரியவளிடம்.

பெரியவளின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. போய்விட்டது. எது போய்விடக்கூடாது என்று இத்தனை நாள் தூக்கம் கெட்டாளோ, அது அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவள் துணியாலேயே துடைக்கப்பட்டுப் போய்விட்டது.

"அப்படியெல்லாம் வேண்டாம் சார். அக்காகிட்டயே கொடுங்க. அக்கா சொன்னா நான் போட்டுத் தரேன்" என்றாள் சின்னவள்.

அந்தப் பெருந்தன்மை பறிகொடுத்ததைவிட அதிகமாகச் சுட்டது. பெரியவள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு முழங்கால் வலியை மறந்துபோய்ப் படியேறினாள். தோற்றது தோற்றாகிவிட்டது. இதே டிஸ்க்கை இவள் எப்படிக் காயவைக்கிறாள் என்று மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். பக்குவம் தெரிந்தால் போதும். நாளைக்கே இதைவிட நன்றாகப் போட்டு ஸ்டூடியோக்காரர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட மாட்டாளா?

மாடி அறை சுத்தமாக இருந்தது. அதுவே எரிச்சல். கட்டிலில் ஒரு டிஸ்க் கிடையாது, காயவைக்கிற இடம் என்று ஒன்றும் கிடையாது. ஜன்னலோரம் மேஜையில் சாம்பல் நிறத்தில் கனமாக ஒரு பெட்டி. சின்னவள் பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள். துடைத்த டிஸ்க்கை உலர்ந்த துணியால் இன்னொரு முறை ஒற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி முனகியது. இஸ்திரிப்பெட்டி பக்கத்தில் நிற்பதுபோல ஒரு வாசனை வந்தது.

டிஸ்க் வெளியே வந்தது. மீசையில்லாத தலைமையாசிரியை. சின்னவள் அதை எடுத்துக் கூசாமல் மேல்பக்கத்தில் உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டிவிட்டு, பெரியவள் கையில் கொடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சொட்டு ஈரமில்லை.

பெரியவள் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். மை கார்ட்ரிட்ஜ் இருக்கவேண்டிய இடத்தைத் தேடினாள். தட்டுப்படவில்லை.

"மை எங்க ஊத்துவே?"

சின்னவள் மூடியைத் தூக்கினாள். உள்ளே அகலமான நாடா ஒன்று, பல நிறப் பட்டைகளோடு, உருளையில் சுற்றியிருந்தது. சின்னவள் அதன் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இதுல மையே கிடையாதுக்கா. இந்த நாடாவைச் சூடு பண்ணி அப்படியே ஒட்டும். மை குடிக்கிற டிஸ்க்கை இதுல போட்டா ஒண்ணும் பிடிக்காதாம். இதுக்குன்னே வர்ற டிஸ்க்கைத்தான் போடணுமாம். அடுத்த டப்பா வாங்கப் போனப்ப கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவரே அசந்துட்டார். வாங்கித் தர வந்தவங்க மெஷினை வந்து பாத்தாங்களான்னு கேட்டார், இல்லைன்னேன்."

கீழேயிருந்து ஸ்டூடியோக்காரர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். சின்னவள் அடுத்த டிஸ்க்கை உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள். அது முனக ஆரம்பித்ததும் பெரியவளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெஷினைப் பாக்காமலே எப்படிக்கா அவ்வளவு சரியா எடுத்துக் கொடுத்தீங்க?"